தொட்டிக்கும் ஒரு சிட்டிகை

பழனிக்காரன் எந்த ஊரில் போய்ப் பிழைத்தாலும் திருநீற்றுச் சம்புடத்தை விடமாட்டான். குமரகுரு கொடைக்கானலுக்கு வந்து வேன் ஓட்ட ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் வெள்ளனே எழுந்து, குளித்து, நெற்றி நிறையப் பூசி, அதே கையோடு வீட்டைச் சுற்றி வருவான். வேன் ஸ்டீயரிங்குக்கு ஒரு கீற்று, காஸ் அடுப்புக்கு ஒரு கீற்று, தண்ணீர் மோட்டாருக்கு ஒரு கீற்று. அப்புறம் டூரிஸ்டுகளை ஏற்றக் கிளம்பிவிடுவான். அவன் மனைவி புவனா எழுந்திருக்கும்போது வேன் பாதி ஊர் தாண்டியிருக்கும். திருநீறு பூசுவதையெல்லாம் எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுச் செய்கிறான்?

அந்த வீட்டுக்குள் மீன் தொட்டி வந்தது புவனாவால்தான். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூட ஆபீசில் ஆளைக் குறைக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். சும்மா உட்காரப் பிடிக்காமல் செல்போனில் வீடியோவாகப் பார்த்து, செடி வளர்க்கிற மீன் தொட்டி வைக்கக் கற்றுக்கொண்டாள். ஏரிப்பக்கம் ஒரு ஓட்டல் மேனேஜர், செல்வமுருகன் என்று பெயர். "வீட்டுல ஒண்ணு வச்சுக் காட்டுங்கம்மா. நல்லாருந்தா எங்க ரிசப்ஷன்ல பெருசா வைப்போம். மாசாமாசம் பராமரிப்பும் உங்களுக்கே" என்று சொல்லியிருந்தார். புவனாவின் அடுத்த பிழைப்பு மொத்தமும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தது.

அடியில் சத்து மண் பரப்பினாள். மேலே பொடிக்கல். ஊறப்போட்ட மரக்கட்டையில் தண்ணீரில் வளரும் பெரணியை நூலால் கட்டி வைத்தாள். அழுக்கை வடிகட்ட பில்டர், கொடைக்கானல் குளிருக்கு ஹீட்டர். எல்லாம் ஓடியது, மீன் மட்டும் இல்லை. ஒரு மாதம் வெறும் தண்ணீரைக் காவல் காத்தாள்.

"மீனே இல்லாத தொட்டிக்கு ஹீட்டரா? செடிக்கு ஒரு ஸ்வெட்டரும் பின்னிப் போட்டுவிடேன்" என்று குமரகுரு சிரித்தான்.

"மீன் கழிவத் திங்கிற நுண்ணுயிரு மொதல்ல தண்ணியில வளரணுங்க. நீங்க உங்க சோலியப் பாருங்க."

பிறகு மதுரையிலிருந்து மீன்கள் வந்தன. நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடியாக ஒரு கூட்டம். அடேயப்பா! கேலி பேசிய வாயைப் பிளந்துகொண்டு நின்றான் குமரகுரு. மறுநாள் விடியலில் மோட்டாரோடு நிறுத்தாமல் தொட்டிக்கும் வந்தான். "முருகா, எம் பொண்டாட்டி சோலி ஜெயிக்கணும்" என்று மனம் உருகக் கும்பிட்டு, மூடியைத் தூக்கி ஒரு சிட்டிகை திருநீற்றைத் தண்ணீரில் தூவிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தினமும்.

சில நாளில் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது. புவனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தாள், பில்டரைக் கழுவினாள். மறுநாள் இன்னும் இரண்டு. பெரணி இலைமேல் மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. வீடியோக்காரர் எவரும் அப்படி ஒன்றைச் சொல்லியிருக்கவில்லை.

குமரகுருவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கண்ணு! பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் வந்து, "ஆத்தாடி, எம்புட்டு அழகு!" என்று தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாளே! நேரே அவள் வாசலுக்குப் போய், "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்கக்கா" என்று மூஞ்சியில் அடித்தாற்போலச் சொன்னான். பாவம், கையில் இருந்த காபி டம்ளரோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணு படுவதும் நின்றுவிட்டது. மீன் சாவது நிற்கவில்லை. குமரகுரு முருகனை இன்னும் கெட்டியாகப் பிடித்தான். சிட்டிகை, கைப்பிடி ஆயிற்று.

மேனேஜர் வருவதற்கு முந்தின நாள், தண்ணீர் அமிலமா காரமா என்று சோதிக்கிற மருந்து தபாலில் வந்தது. புவனா குழாய்த் தண்ணீரில் சொட்டு விட்டாள், மஞ்சளாகவே இருந்தது. தொட்டித் தண்ணீரில் விட்டாள். கருநீலம்!

"என்னங்க, இங்க வாங்க! தண்ணி காரமாக் கெடக்கு. மலைத் தண்ணி தன்னால இப்பிடி மாறாதுங்க. யாரோ எதையோ போடுறாக. சுண்ணாம்போ, சோப்போ, சாம்பலோ..."

சாம்பல் என்ற சொல் காதில் விழுந்ததும் குமரகுருவின் கண் திருநீற்றுச் சம்புடத்துக்குப் போனது. செத்து மிதந்த ஒவ்வொன்றும் கண்முன்னால் வந்தது.

"புவனா... நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"திருநீறு. தெனமும். நேத்து ஒரு கைப்பிடி போட்டேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கெட்டுப் போகணும்னு எவனாச்சும் செஞ்சிருந்தா நாக்கப் புடுங்குற மாதிரிக் கேட்டிருப்பேன். நல்லாருக்கணும்னு போட்ட உங்கள என்னான்னு திட்டுறது?" என்றாள். அடித்திருந்தாலும் அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இருட்டுவதற்குள் சுந்தராம்பாள் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். வந்ததும் புவனா சொன்னபடி கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் மாற்ற வாளி சுமந்தான். மிச்சம் இருந்தவை இரண்டே மீன்கள்.

செல்வமுருகன் சொன்னபடி காலையில் வந்தார். தொட்டியைப் பார்த்து முகம் சுருங்கியது.

"என்னம்மா, மீனெல்லாம்?"

"கரண்ட் போயி..." என்று புவனா இழுத்தாள்.

புருஷனைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறாள். குமரகுருவால் அதைத் தாங்க முடியவில்லை. "இல்ல சார், நான் திருநீறு போட்டுக் கொன்னுட்டேன்" என்று உடைத்துச் சொன்னான்.

மேனேஜர் திகைத்துப் போனார். "வீட்டுக்குள்ளயே இப்பிடின்னா, ஆயிரம் பேரு வந்து போற ஓட்டலுக்கு எப்பிடிம்மா நம்பிக் குடுக்குறது?"

போச்சு, எல்லாம் போச்சு என்று குமரகுரு தலையைக் குனிந்துகொண்டான். புவனா குனியவில்லை.

"சார், இந்தப் பாடத்த எந்த வீடியோவும் எனக்குச் சொல்லல. இனிமே எந்த எடத்துல தொட்டி வச்சாலும் மண்ணு கொட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுருவேன். உங்க ஓட்டல்லயும் கேப்பேன். தெனமும் காலையில அங்க சாமி கும்புட்டு, கல்லாப் பெட்டி, கம்ப்யூட்டருன்னு திருநீறு வைக்கிறது யாரு சார்?"

செல்வமுருகனின் கை தானாக நெற்றிக்குப் போய், அங்கே இருந்த மூன்று பட்டையைத் தடவிப் பார்த்தது.

"நான்தாம்மா" என்றார், பேயறைந்த முகத்தோடு. "புதுசா எது வந்தாலும் நான்தான் வைப்பேன்."

மேனேஜர் நெற்றியிலிருந்து கையை எடுத்து, "எங்க ரிசப்ஷன்ல மண்ணு எப்ப கொட்டலாம்?" என்று கேட்டார்.