பறக்கும் விமானத்துக்குக் கட்டம் இல்லை

எங்கள் விமானப்படை சின்னது. ஐந்து தளங்கள், ஐம்பத்தொன்பது விமானங்கள், அவ்வளவுதான். ஆனால் படிவங்கள் விஷயத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு விமானத்தைக் கழுவ மூன்று படிவம், கழுவிய பிறகு துடைக்க ஒன்று. அந்தப் படிவங்களைக் கட்டி மேய்க்கும் குமாஸ்தா நான்.

படையின் அமைப்பும் படிவம் மாதிரிதான், வளையாது. தளத்தில் பன்னிரண்டு விமானம் இருந்தால் முழு அணி. பதினொன்றாகிவிட்டால் அரை அணி. அரை அணிக்கு டயர் பட்டறை கிடையாது. பட்டறையைப் பூட்டி, டயர்க்காரரை வேறு தளத்துக்குத் தூக்கியடித்துவிடுவார்கள். எங்கள் தளத்து டயர்க்காரர் என் வீட்டுக்காரர்.

கல்யாணமான முதல் நாலு வருடம் அவர் ஒரு தளம், நான் ஒரு தளம். எங்கள் மகள் அப்பா என்றால் போனுக்குள் குடியிருக்கும் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நாயாய்ப் பேயாய் அலைந்து மாற்றல் வாங்கி, ஒரே வீட்டில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அதை ஒரு விமானத்துக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அந்த ஒரு விமானத்தின் பெயர் மாப்பிள்ளை. பன்னிரண்டாவது விமானம், பொதி சுமக்கிற பழைய வண்டி. கிளப்பும்போதெல்லாம் முறுக்கிக்கொள்ளும், நாலு பேர் நின்று கெஞ்ச வேண்டும். அதனால் அந்தப் பெயர். அது போன வாரம் கடலோரத் தளத்துக்குச் சாமான் கொண்டுபோன இடத்தில், டயர் வெடித்து உட்கார்ந்துவிட்டது. அங்கே மாற்ற ஆளில்லை. போன வருடம் ஒரு விமானம் ஓய்வு பெற்றதில் அவர்கள் அரை அணியாகி, பட்டறையைப் பூட்டியாகிவிட்டது.

இதெல்லாம் சாதாரண நாளில் ஒன்றுமில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எண்ணும் நாள் வரும். காலை பத்து மணி அடிக்கும்போது விமானத்தின் சக்கரம் எந்தத் தளத்துத் தரையில் நிற்கிறதோ, அந்தத் தளத்துக்கே அது சொந்தம். மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டால் நாங்கள் பதினொன்று, அவர்கள் பன்னிரண்டு. அவர்கள் பட்டறை திறக்கும், எங்கள் பட்டறை மூடும், என் வீட்டுக்காரர் மூட்டை கட்டுவார்.

அதனால் முந்தின நாளே புது டயரோடு அவரை லாரியில் ஏற்றி அனுப்பினேன். காலையில் மாட்டிவிட்டு மாப்பிள்ளையிலேயே திரும்புவதாக ஏற்பாடு. விமானப்படையில் பதினாலு வருடம் வேலை பார்த்தும் அவர் ஒருமுறைகூடப் பறந்ததில்லை. பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். "உனக்காகத்தான் ஏறுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் இன்னொரு வில்லங்கம். கடலோரத் தளத்துக் குமாஸ்தா வேறு யாருமில்லை, என் நாத்தனார். தம்பி மேல் உயிர். அவன் தன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

எண்ணும் நாள் காலை ஒன்பது மணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அவரு கிளம்பிட்டாரா?"

"இப்பதாம்மா சாப்பிட உக்காந்திருக்கான்."

"டயர் மாட்டியாச்சா?"

"அது எட்டு மணிக்கே மாட்டிட்டான். புள்ள எப்படி இளைச்சுப் போயிருக்கான்! வேளாவேளைக்குச் சோறு போடுறியா இல்லையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பைலட் எங்க?"

"அவரும்தான் சாப்பிடுறாரு. ரெண்டாவது தடவை பரிமாறச் சொல்லியிருக்கேன். விருந்தாளிங்கள அவசரப்படுத்தலாமா?"

"அண்ணி, பறக்கவே அம்பது நிமிஷம் ஆகும்!"

"அப்படியா?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. "அப்ப பத்துக்குள்ள வர முடியாது போலிருக்கே."

போனை என் வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். "கைய கழுவுங்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். தட்டு தள்ளப்படும் சத்தம் கேட்டது. ஒன்பது இருபதுக்கு மாப்பிள்ளை கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. அன்றைக்குப் பார்த்து முறுக்கிக்கொள்ளவில்லை, அதற்கே எனக்கு ஆச்சரியம்.

தலைமையகத்திலிருந்து எண்ண வந்த அம்மாவை எல்லோரும் ஸ்கேல் மேடம் என்போம். கையில் எப்போதும் ஓரடி ஸ்கேல் இருக்கும். படிவத்தில் ஒவ்வொரு வரியின் கீழும் அதை வைத்துத்தான் படிப்பார். நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். கொட்டகையில் நாலு. ஓடுதளத்தின் ஓரம் ஐந்து. பழுதுபார்க்கும் இடத்தில் இரண்டு. கடிகாரத்தைப் பார்த்தார். பத்து.

"பதினொண்ணு" என்று எழுதினார்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம்..."

"பத்துன்னா பத்துதாம்மா."

எண்ணிக்கையைப் போனில் மேலே சொன்னார். இரண்டே நிமிடத்தில் போன் திரும்ப அடித்தது. தலைமையகம். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"அம்பத்தெட்டா? நேத்து வரைக்கும் அம்பத்தொம்பதாச்சே! கடலோரத்துல?... அங்கயும் பதினொண்ணுதானா?" என்னைப் பார்த்தார். "ஒரு விமானத்தக் காணோமாம்!"

பத்து மணிக்கு மாப்பிள்ளையின் சக்கரம் எந்தத் தரையிலும் இல்லை. எண்ணும் நாளில் யாரும் பறப்பதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம். அதனால் இத்தனை வருடமாக யாருக்கும் உறைக்கவில்லை. நான் படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். கொட்டகையில் ஒரு கட்டம், ஓடுதளத்தில் ஒரு கட்டம், பழுதில் ஒரு கட்டம், கண்காட்சியில் ஒரு கட்டம். நானே பதினோரு தடவை நிரப்பிய படிவம்தான், எனக்கும் கண் அவிந்துபோயிருந்தது.

"காணாமல்லாம் போகல மேடம். பறந்துட்டிருக்கு. விமானப்படையோட படிவத்துல பறக்குற விமானத்துக்குக் கட்டம் இல்ல!"

"நான் என்னம்மா பண்றது? விதியில தரைன்னுதானே போட்டிருக்கு."

"அப்ப ஒரு விமானம் தொலைஞ்சு போச்சுன்னு மேலிடத்துக்கு எழுதிக் கொடுங்க. யாரு பொறுப்புன்னு உங்களத்தான் கேப்பாங்க."

தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. இருமிக்கொண்டே வருகிற அந்த இரைச்சலை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். மாப்பிள்ளை மேகத்தை விட்டு இறங்கி நேராக எங்கள் ஓடுதளத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்கு வர்ற வழியில இருக்கறத எங்க கணக்குல எழுதாம யார் கணக்குல எழுதுவீங்க? ஸ்கேலக் கொடுங்க மேடம்" என்றேன்.

கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் விமானத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், கடைசியில் ஸ்கேலைக் கொடுத்தார்.

"நேரா போடு. கோணலா இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்."

ஐந்தாவது கட்டம் போட்டேன். மேலே 'வானத்தில்' என்று எழுதி, கீழே ஒன்று போட்டேன். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கவும் மாப்பிள்ளையின் புது டயர் தரையைத் தொடவும் சரியாக இருந்தது.

கதவு திறந்து என் வீட்டுக்காரர் இறங்கினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஒரு கையில் அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, "ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடாம இருந்திருந்தா என்ன?" என்று கத்தினேன்.

அவர் ஒரு கையால் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா சொல்றேன், இனிமே உன்ன விட்டுட்டு ஒரு அடிகூட மேல போக மாட்டேன்."

ஸ்கேல் மேடம் படிவத்தை மறுபடி எடுத்து நீட்டினார்.

"அதுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கோம்மா," என்றார், "கையெழுத்து வாங்கிடலாம்."