கல்யாணமில்லாத மாதத்துக் கேமரா

மார்கழி பிறந்தால் ராஜபாளையத்து வீடியோக்காரர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். முகூர்த்தம் இல்லாத மாதம். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. படம் பிடிக்கிறவனுக்கு மட்டும் என்ன வேலை? நைனா முகமதுவின் கேமராவும் அந்த மாதம் முழுக்கப் பெட்டிக்குள் தூங்கும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமான் தூங்குவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்காது. கல்யாண வீடியோ அவனுக்குப் பாதித் தொழில். ஊருக்குக் கேபிள் டிவி கொடுப்பது மீதித் தொழில். தொண்ணூற்று நாலாம் வருஷ மார்கழியில் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டான். பஞ்சு மார்க்கெட் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தன் வீட்டு மாடியில் ஒரு குடையைக் கட்டி, அதன் அடியில் கேமராவை ரோட்டைப் பார்க்க நிறுத்தி, ஒயரை இழுத்து, சும்மா கிடந்த ஒரு சேனலில் விட்டுவிட்டான்.

ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. ரோட்டைப் பார்க்க டிவி எதற்கு, வாசலுக்கு வந்தால் தெரியாதா என்றார்கள். ஒரு வாரம் போவதற்குள் சிரித்தவர்கள் எல்லாரும் அந்தச் சேனலைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷப் பனி அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகிற கோர்ட்டு குமாஸ்தாக்களும், ஆபீஸ்காரர்களும், கடைப் பெண்களும் காப்பித் தம்ளரோடு டிவி முன்னால் குந்தி, பஸ் நிறுத்தத்து விளக்குக் கம்பம் தெரிந்த பிறகுதான் செருப்பையே மாட்டினார்கள்.

இசக்கியம்மாளும் பார்த்தாள். ஆனால் அவள் பார்த்தது பஸ்ஸுக்காக இல்லை. பஸ்ஸில் ஏறுகிற ஒரு ஆளுக்காக. அந்த ஆள் ஏறிப் போய்விட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். ஏனென்றால் அந்த ஆள் அவளுடைய புருஷன் சோலைராஜ். அவனோடு ஒரே பஸ்ஸில் போக அவளுக்கு மனசில்லை.

இரண்டு பேருக்கும் வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். அவனுக்கு ஒரு உரக்கடையில், அவளுக்குக் கோர்ட்டுப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் சேர்ந்தேதான் போனார்கள், அதாவது அவள் வாசலில் நின்று கத்துவாள், அவன் உள்ளே சீப்பைத் தேடுவான், பஸ் போய்விடும். அவனுக்காக அவள் விட்ட பஸ்களை வரிசையாக நிறுத்தினால் சங்கரன்கோவில் வரைக்கும் நிற்கும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது போன மார்கழியில்தான்.

போன மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டில் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். இசக்கி பக்கத்திலேயே இருந்தாள். ராஜபாளையத்தில் இருந்த சோலைராஜுக்கு விடியுமுன்னே போனில் சொல்லியாயிற்று. எடுக்கும் முன்னே மருமகன் வந்து பிணத்தின் மேல் கோடிச் சேலை போட வேண்டும். பார்த்தார்கள், பார்த்தார்கள், கூட்டம் முணுமுணுத்தது, கடைசியில் மருமகன் கோடி இல்லாமலே எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்துத் தலை துவட்டுகிற நேரத்தில் சோலைராஜ் வந்து நின்றான். கையில் நனைந்த மஞ்சள் பை.

பனியில் பஸ் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது, இறங்கி நடந்தேன், நடந்து நடந்து கடைசியில் நம்மூர் மில் சங்கு பக்கத்தில் கேட்கிறது, திரும்ப ராஜபாளையத்துக்கே நடந்திருக்கிறேன் என்றான். இசக்கியின் அண்ணன் மாரிசாமி கூட்டத்தின் நடுவில் வைத்துச் சிரித்தான். "ஏலே, பொறந்து வளந்த ரோட்டுல எவனாவது திசை தப்புவானா? எந்தக் கடையில படுத்துக் கெடந்தேன்னு சொல்லு." சோலைராஜ் இசக்கியின் முகத்தைப் பார்த்தான். அவள் நம்பவில்லை என்பது அந்த முகத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு அவன் யாரிடமும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவளும் ராஜபாளையத்திலேயே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அண்ணன்தான் வக்கீலைப் பிடித்தான். இரண்டு பேரும் சம்மதித்து அறுத்துக்கொள்வதாக மனு. இன்னும் ஒரே ஒரு தடவை இரண்டு பேரும் நேரில் நின்று சம்மதம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

இதற்கு நடுவில் இந்தக் கேமரா வந்து தொலைத்தது. சத்தமே இல்லாத படம். முதலில் திரை முழுக்க வெள்ளை. பிறகு விளக்குக் கம்பத்தின் மஞ்சள் கொஞ்சம் ஊறி வரும். வேப்பமரத்தில் பாதி வரும். ஆட்கள் இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து போவார்கள். ஒரு மாடு நின்ற இடத்திலேயே நின்று காணாமல் போகும். பஸ் வந்து கதவைத் திறக்கும், ஆட்களை வாங்கிக்கொள்ளும், வெள்ளைக்குள் கரைந்துவிடும். பார்க்கப் பார்க்க இசக்கிக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும்.

அந்த வெள்ளையில் சோலைராஜ் தினமும் வந்து விளக்குக் கம்பத்தடியில் நிற்பான். கழுத்தில் காப்பிக்கொட்டை நிற மப்ளர். இப்போதெல்லாம் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறான். சீப்பு யார் தேடிக் கொடுக்கிறார்களோ என்று அவளுக்கு எரிச்சலாக வரும். அவன் ஏறின பிறகு அடுத்த பஸ்ஸுக்கு இவள் கிளம்புவாள். ஒருநாள் திரையில் கம்பமே வரவில்லை. வெகுநேரம் வெறும் வெள்ளை. ஒரு பஸ்ஸையே இது விழுங்கிவிட்டதே என்று நினைத்தாள். அந்த நினைப்பு அதோடு நிற்காமல் போன மார்கழிக்குப் போனது. அவள் சட்டென்று டிவியை அணைத்தாள்.

கோர்ட்டு நாள் வந்தது. மாரிசாமி பருத்தி விஷயமாக வெளியூர் போயிருந்தவன், நேராகக் கோர்ட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். குளிருக்குச் சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. இசக்கி டிவியைப் போட்டாள். அதிசயமாக, ரோடு பளிச்சென்று இருந்தது. சோலைராஜ் கம்பத்தடியில் நின்றான், பஸ் வந்தது, அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனான்.

அம்மா செத்ததற்கு வர முடியாதவன், அறுத்துவிட மட்டும் முதல் பஸ்ஸுக்கே போகிறான். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். அடுக்களையிலிருந்து மதினி பெத்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, அழுதா எம்புட்டு நேரமாகும்? மொகத்தக் கழுவிட்டுக் கெளம்பு."

"அவிய போயிட்டாக மதினி. அம்புட்டு அவசரம் அவியளுக்கு."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். விளக்குக் கம்பத்தைத் தாண்டி ஒருத்தி வேகமாக வந்துகொண்டிருந்தாள். பச்சைச் சேலை, தோளில் பை, குளிருக்குக் காதை மூடின முந்தானை. அடுத்த பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண், முன்னே போன பஸ்ஸின் திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்படித் தேடிப் பார்க்கிற முகத்தை இசக்கி கண்ணாடியில்கூடக் கண்டதில்லை. ஆனால் அது அவள் முகம்தான். அந்தப் பச்சைச் சேலை இப்போது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அது நேற்று.

கதவைத் திறந்தாள். தெருவையே காணோம். வாசலில் பூசணிப்பூ வைத்த கோலம் மட்டும் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை. "செத்த நேரம் பொறுத்துப் போ" என்று மதினி கத்துவது காதில் விழுந்தது. இசக்கி இறங்கி நடந்தாள்.

இரண்டு தெரு தாண்டினால் பஸ் நிறுத்தம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போகலாம் என்று நினைத்தாள். கொஞ்ச தூரத்தில் கால் மட்டும் இருந்தது, தெரு இல்லை. ஒரு சைக்கிள் மணி எங்கிருந்தோ வந்து எங்கேயோ போனது. யாரோ இருமினார்கள், கை நீட்டினால் யாரும் இல்லை. அவள் நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். பயமாகவும் இருந்தது, ஏனென்று தெரியாமல் சுகமாகவும் இருந்தது. கடைசியில் காலடியில் ஒரு கோலம் வந்தது. கோலத்தின் நடுவில் பூசணிப்பூ. நிமிர்ந்தாள். அண்ணன் வீட்டு வாசல்.

அந்த இடத்திலேயே இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் நடக்கிற வழியில், இரண்டு தெரு தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு வருஷமாகப் பொய்யில்லை.

இந்த முறை அவள் கண்ணை நம்பவில்லை. மில் சங்கு ஊதியது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்தாள். அவன் கோர்ட்டில் நிற்பானோ, ரோட்டில் நிற்பானோ, எங்கே நின்றாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. மஞ்சள் வெளிச்சம் ஊறி வந்தது. கம்பத்தடியில் காப்பிக்கொட்டை நிற மப்ளர்.

"நீங்க போகலையா?" என்றாள்.

"போறதுக்குப் பஸ்ஸே வரலையே இசக்கி" என்றான் சோலைராஜ். "டீக்கடை டிவில பாத்தா, நான் ஏறிப் போயிக்கிட்டிருக்கேன். எனக்கே பயமாப் போச்சு. கேட்டா, தளவாய்புரத்துல ஒரு நிக்காஹ்வாம். நைனா விடியுமுன்னே கேமராவைத் தூக்கிட்டுப் போயிட்டானாம். சும்மா விட்டா ஜனங்க வைவாங்கன்னு நேத்துப் பிடிச்ச டேப்பைப் போட்டுட்டுப் போயிருக்கான்."

நைனாவின் ஆட்களுக்கு மார்கழி ஏது, அதை ஊரே மறந்துபோயிருந்தது. இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலும் வந்தது.

"தெனமும் ஏன் இந்தக் கம்பத்தடியிலயே நிக்கீக?"

"வெளிச்சத்துல நின்னாத்தான படத்துல தெரியும். நான் ஏறுனத நீ பாத்தாத்தான நிம்மதியா அடுத்த பஸ்ஸுக்கு வருவ."

அவன் கக்கத்தில் இருந்த மஞ்சள் பையை அப்போதுதான் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டு, பையைக் கொஞ்சம் மறைத்துப் பிடித்தான்.

"அத்தைக்கு எடுத்த கோடிதான். கோர்ட்டு முடிஞ்சதும் உங்கிட்ட மடவார் வளாகத்து வீட்டுச் சாவி கேக்கலாம்னு இருந்தேன். அத்தை படத்துக்கு முன்னால வச்சிட்டு வந்துருவேன். பொறவு எனக்கு அந்த வீட்டுல என்ன வேலை?"

"நானும் இப்ப தெச தப்பிட்டேன்" என்றாள் இசக்கி. "ரெண்டு தெருவுதான். திரும்ப அண்ணன் வீட்டு வாசல்லயே போய் நின்னேன்."

அவன் மப்ளர் நுனியால் முகத்தைத் துடைத்தான். பனி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்திருக்கும்.

பஸ் வெள்ளையிலிருந்து இரண்டு மங்கல் விளக்காக வந்து, கிட்ட வந்த பிறகுதான் பஸ்ஸாக ஆனது. உள்ளே பாதிக்கு மேல் காலி. இசக்கி சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அவன் தயங்கிக் கம்பியைப் பிடித்து நின்றான். அவள் சேலையை ஒதுக்கி இடம் விட்டாள். உட்கார்ந்தான். மஞ்சள் பையை அவள் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

"எங்க போகணும்? கோர்ட்டா?" என்றார் கண்டக்டர். தினம் பார்க்கிற முகங்கள். ஆனால் இரண்டையும் ஒரே சீட்டில் பார்த்து வெகுநாளாயிற்று.

சோலைராஜ் அவள் முகத்தைப் பார்த்தான், போன மார்கழியில் பார்த்த மாதிரியே.

"மடவார் வளாகம்" என்றாள் இசக்கி. "ரெண்டு."