பதினெட்டாவது தலை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மடியில் குழந்தை தூங்கினால் எழுப்ப வேண்டாம், இது சத்தமில்லாத கதை. குழந்தை வளர்ப்புப் படிப்பு சொல்லித்தரும் ஒரு கல்லூரியில், வாங்கும்போது மூன்று கிலோ இருந்த பயிற்சிப் பொம்மை ஏழு வருஷத்தில் இருபத்தெட்டு கிலோ அறுநூறு கிராம் ஆனது. உயரத்தில் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. கனம் மட்டும்தான்.

அந்தக் கல்லூரிக்குள்ளேயே மழலையர் கூடம் ஒன்று உண்டு. பொம்மையைக் குளிப்பாட்டி, துணி மாற்றிக் கை பழகிய பெண்கள் இரண்டாம் வருஷம் அங்கே நிஜக் குழந்தைகளிடம் போவார்கள். மொத்தம் பதினெட்டுக் குழந்தைகள். வெளியே கூட்டிப்போனால் தலை எண்ண வேண்டும், உள்ளே வந்தால் எண்ண வேண்டும், நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். வாசலில் நின்றபடி ஒரே பார்வையில் எண்ணி முடிப்பவள் ஒருத்தி இருந்தாள். தோழிகள் அவளுக்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மீட்டர் பாத்துட்டாளா? அப்ப சரி, போய் சாப்பிடலாம் வாங்கடி" என்பார்கள்.

ஒருநாள் காலை யாரோ தாலாட்டிப் பழகிவிட்டுப் பொம்மையைக் கூடத்துப் பாயிலேயே போர்வையோடு விட்டுப் போயிருந்தார்கள். பதினோரு மணிக்குக் கொல்லையில் விளையாடிய பிள்ளைகளை உள்ளே கூட்டிவந்து படுக்கப் போட்டார்கள். மீட்டர் வாசலில் நின்று எண்ணினாள். பதினெட்டு. எழுதினாள். கொல்லைக் கதவைத் தன் கையாலேயே தாழ் போட்டாள். அந்தப் பதினெட்டில் ஒருத்தி, கூட்டிப் பெருக்கும் அக்காவின் மகள் மிளகு, மூன்று வயது, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் மழைநீர்ப் பீப்பாய் இருந்தது. ஒரு மணிக்குத் தண்ணீர் மொள்ளப் போன அக்காதான் முதலில் பார்த்தாள்.

அக்கா பதினொன்றரைக்கும் ஒருமுறை துணி பிழியக் கொல்லைக்குப் போய் வந்திருந்தாள். முதல்வரம்மா பதிவேட்டைத் திறந்து காட்டினார். "பதினோரு மணிக்குப் பதினெட்டும் உள்ள இருந்திருக்கு. அதுக்கப்புறம் கதவத் தொறந்தது நீ ஒருத்திதான். தாழ் போட்டியா, இல்லையா?" அக்காவுக்கு ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் போர்வைகளை மடித்த மீட்டரின் கையில் பொம்மை வந்தது. அவளுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. இன்னும் நாலு மாதத்தில் படிப்பு முடிகிறது. அவள் போர்வையை மடித்து வைத்தாள்.

அடுத்த மாதம் எடை அட்டை எழுதப் பழகிய பெண்கள் வழக்கம்போல் பொம்மையைத் தராசில் வைத்தபோது பன்னிரண்டு கிலோ நானூறு கிராம் காட்டியது. தராசு பழுது என்று வேறு தராசு வந்தது, அதுவும் அதையே சொன்னது. பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. இரண்டு வருஷத்தில் யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை, தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று மட்டும் சுவரில் எழுதி ஒட்டினார்கள். மீட்டர் அதே கல்லூரியில் டீச்சரானாள். தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும், பார்த்து எண்ணக் கூடாது என்று சொல்லித்தந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. மிளகின் எடை அட்டை அவள் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்தக் கோடு நின்ற புள்ளியில்தான் பொம்மையின் கோடு தொடங்கியிருந்தது.

அக்காவோ கண்ணில் பட்ட கதவையெல்லாம் தாழ் போட்டுக்கொண்டு திரிந்தாள். பாடம் நடக்கும் வகுப்பையும் போட்டுவிடுவாள், குளியலறையையும் போட்டுவிடுவாள். "தாழ்ப்பாள் வந்துட்டுப் போயிருக்குடி, ஜன்னல் வழியா குதி" என்று பெண்கள் சிரிப்பார்கள். டீச்சரும் சேர்ந்து சிரித்ததுண்டு. ஏழாவது வருஷம் ஒரு மத்தியானம் டீச்சர் பொம்மை அறைக்குள் இருந்தபோது வெளியே தாழ் விழுந்தது. தட்டினாள். அக்கா ஓடிவந்தாள்.

"ஐயோ, டீச்சர், உள்ள இருக்கீங்களா? பாக்காம போட்டுட்டேன். கை தானா போயிடுது." தாழில் கை வைத்தாள். "இந்தக் கை அன்னிக்குப் போகாமப் போச்சே டீச்சர்."

டீச்சர் கதவில் நெற்றியை வைத்தாள்.

"தொறக்காதீங்கக்கா. நான் சொல்லி முடிக்கிறேன். அப்புறம் தொறக்கணும்னு தோணினா தொறங்க."

பொம்மை, போர்வை, பதினோரு மணி, தாழ் போட்டது யார் கை, எல்லாவற்றையும் சொன்னாள். வெளியிலிருந்து ஒரு கேள்விதான் வந்தது.

"தொட்டுப் பாத்தியா?"

"இல்லக்கா."

பிறகு துடைப்பச் சத்தம் கேட்டது. நடை முழுவதையும் அக்கா பெருக்கினாள், படிக்கட்டைப் பெருக்கினாள், முற்றத்தைப் பெருக்கினாள். அறைக்குள் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் தாழ் விலகியது. அக்கா டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு பேர் தூக்கும் பொம்மையைத் தனியாகத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கனம் ஒரு கிராம்கூடக் குறைந்து கொடுக்கவில்லை. மூச்சு வாங்கியது.

"எடை என்ன?"

"இருபத்தெட்டு அறுநூறு."

"பத்து வயசுக்குச் சரியாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அக்கா நடந்தாள். வேலைக்குத் திரும்பி வரவில்லை. டீச்சர் பழைய பதிவேட்டைத் தேடியெடுத்து, பதினெட்டை அடித்துப் பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு குழந்தைகள் இருக்கும் எந்த இடத்திலும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்லூரி வேறு பொம்மை வாங்கியது. அது மூன்று கிலோவிலேயே இருக்கிறது. அக்கா வீட்டிலிருப்பது பதினெட்டு வயதில் ஐம்பத்தோரு கிலோவுக்கு வந்து நின்றது. இப்போது அக்காவுக்குத் தூக்க முடிவதில்லை, அதனால் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.

சரி, கண்ணுகளா, எழுந்து போங்கள். இன்று பிள்ளைகளைப் படுக்கப் போட்டதும் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பாருங்கள். உங்கள் கை படும் தலையெல்லாம் சூடாக இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கணக்கு என்றைக்கும் சரியாக வரட்டும்.