பதினோரு வருஷம் வாடாத கொத்து

லிபோவெட்ஸ் ஊர் நாற்சந்தியில் நெவென்கா எட்டு நாளைக்கென்று கட்டிய ஐவிக் கொடிக் கொத்து பதினோரு வருஷம் வாடவில்லை. அது கட்டப்பட்ட வருஷம் முட்டை விலை கொஞ்சம் ஏறியது, பாதிரியார் வீட்டுப் புகைபோக்கி சரிந்து விழுந்தது. இந்த மூன்றையும் எங்கள் ஊரில் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். அதிலும் முதலில் முட்டையைத்தான் சொல்வார்கள்.

இத்தாலியில் திரியெஸ்தே நகரத்துக்கு மேலே, கார்ஸ்ட் என்கிற சுண்ணாம்புக்கல் மேட்டில் இருக்கும் எங்கள் ஊர்களில் ஒயினுக்கென்று தனிக்கடை கிடையாது. எந்தக் காலத்திலோ ஒரு மகாராணி கொடுத்த அனுமதி அது. குடியானவன் தன் திராட்சையில் பிழிந்த ஒயினைத் தன் வீட்டு முற்றத்திலேயே எட்டு நாள் விற்கலாம், அதற்கு அடையாளமாகச் சாலையில் ஒரு பச்சைக் கொத்தைக் கட்ட வேண்டும். கொத்து தொங்கும்வரை கதவு திறந்திருக்க வேண்டும், வந்தவரை இல்லையென்று திருப்பக் கூடாது. மிலானிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் கொத்தைத் தேடித் தேடி வண்டியைத் திருப்பி வந்து சேர்வார்கள். லிபோவெட்ஸில் பதினான்கு வீடு. ஒரு வீட்டுக் கொத்து இறங்கிய பிறகுதான் அடுத்த வீட்டுக்காரன் கட்டலாம். எட்டாம் நாள் சாயங்காலம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வீட்டுக்காரியை முதல் மேசையில் உட்காரவைத்து, அடுத்த முறைக்காரன் தன் கையால் கறி வெட்டி, ஒயின் ஊற்றிக் கொடுக்க வேண்டும். எட்டு நாள் ஊருக்கெல்லாம் பரிமாறியவள் கடைசியில் ஒருவேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்புறம்தான் கொத்தை இறக்குவது.

நெவென்காவுக்கு அடுத்த முறை தனிலோவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே கற்சுவர், எட்டிப் பார்த்தால் அடுப்பு தெரியும். ஏழாம் நாள் முற்றம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடைக்கறியை இழை இழையாகச் சீவிக்கொண்டே நெவென்கா சொன்னாள்: “தனிலோ வெட்டுற கறிய வச்சுக் கூரை மேயலாம். ஒரு சொட்டு ஒழுகாது.” முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. தனிலோ சிரிக்கவில்லை. கோப்பையைக் காலி செய்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். “நீயா வாயத் தொறந்து கூப்பிடாம இனி இந்த வாசல மிதிக்கமாட்டேன், பாத்துக்கோ” என்றான். “நான் எதுக்குக் கூப்பிடணும்? உள்ளதத்தான சொன்னேன்?” என்றாள் நெவென்கா. இப்படியாக எட்டாம் நாள் யாரும் அவளை உட்காரவைக்கவில்லை. அவள் கணவன் லோய்சே கொத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து அடுப்புப் பக்கம் போட்டான். விடிந்து பார்த்தால் அது நாற்சந்தியில் தொங்கிக்கொண்டிருந்தது, பனித்துளி சொட்ட.

அடுப்பில் போட்டு எரித்தார்கள். வீடெல்லாம் ரோஸ்மேரி மணந்தது, மறுநாள் கொத்து அங்கேயே இருந்தது. ஆட்டுக்குப் போட்டார்கள். ஆடு ஒரு வாரம் பச்சை நிறத்தில் பால் கறந்தது, அதில் செய்த சீஸ் நன்றாகவே போயிற்று, கொத்தும் இருந்தது. கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். பூட்டு தானாகத் திறந்து, வந்தவர்கள் உள்ளே போய்த் தாங்களே கறியை வெட்டிக்கொண்டார்கள். அவர்கள் வெட்டிய லட்சணத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நெவென்கா எழுந்து வந்து கத்தியைப் பிடுங்கினாள். முதல் நாள் திறந்த பீப்பாய் தீரவில்லை. எட்டு நாள் தாண்டிவிட்டதென்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கொத்தைத் தொட்டுப் பார்த்தார், இரண்டு முட்டையும் ஒரு குவளைச் சிவப்பு ஒயினும் சாப்பிட்டார், ‘இன்று எட்டாம் நாள், கொத்து பச்சை’ என்று எழுதிக்கொண்டு போனார். வருஷா வருஷம் வந்து அதையேதான் எழுதினார். தனிலோவைக் கூப்பிட்டுச் சாப்பிடு, சரியாய்ப் போகும் என்று ஊரில் பிள்ளை முதல் பாதிரியார் வரை சொல்லியாயிற்று. “கொத்துக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?” என்பாள் நெவென்கா. சுவருக்கு அந்தப் பக்கம் தனிலோவும் அதையேதான் சொன்னான், அவன் பீப்பாய்கள் திறக்காமல் கிடந்தபோதும். அழுத்தக்காரர்கள், இரண்டு பேரும்.

இதில் நெவென்காவுக்கு ஒரே ஒரு வருத்தம். கொத்து இறங்கியதும் ஊர் சுற்றக் கூட்டிப்போவதாக லோய்சே சொல்லியிருந்தான். பெட்டி கட்டியது கட்டியபடி கட்டிலுக்கடியில் இருந்தது, சின்னக் காருக்கு லோய்சே வாராவாரம் காற்றடித்து வைத்தான். அவள் போக முடியவில்லையே தவிர, ஊர் சுற்றுகிறவர்களெல்லாம் அவளிடம்தான் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா சாப்பிடுவதில்லை, இதற்கு முன் எங்கே என்ன சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். லாங்கே மலைப்பக்கம் எர்னெஸ்தா அம்மாள் சாப்பாட்டுக்கு முன்னால் பன்னிரண்டு சின்னத் தட்டு வைப்பாள், ஒன்றை மிச்சம் வைத்தாலும் கோபித்துக்கொள்வாள். எட்னா எரிமலைச்சரிவில் ஒரு விதவையின் ஒயினைக் குடித்தால் மூக்கில் புகை வரும், நிஜப் புகை. உம்பிரியாவில் குன்றின்மேல் ஒரு வீட்டில் அவரைப் பருப்பளவு கூட இல்லாத குட்டிப் பயறை வேகவைத்துப் போடுவார்கள், அதைத் தின்றவர்கள் இரண்டு நாள் பொய் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நெவென்கா ஒரு பள்ளிக்கூட நோட்டில் வழியோடு எழுதிவைத்தாள். நாளடைவில் வழி தப்பியவர்கள் அவளையே கேட்கத் தொடங்கினார்கள். “உம்பிரியாவா? தேவாலயம் தாண்டி இடது பக்கம் திரும்புங்க. ஒரு நாய் குரைக்கும், கண்டுக்காதீங்க. வாசல்ல நீலக் கதவு” என்று அடித்துச் சொல்வாள். நீங்கள் எப்போது போனீர்கள் சினோரா என்று யாராவது கேட்டால், கோப்பை கழுவப் போய்விடுவாள். அந்தக் கோப்பைகள் ஏற்கெனவே கழுவியவைதான்.

பதினோராம் வருஷம் அக்டோபர் நடுவில், தோரினோவிலிருந்து வருஷம் தவறாமல் வரும் வாத்தியார் தம்பதி வந்தார்கள். வாத்தியாரம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “எர்னெஸ்தா அம்மா நவம்பர் பதினொன்னு மார்ட்டின் திருநாளோட சாப்பாட்டுக் கடைய மூடிடறாங்களாம். முட்டி வலி தாங்கலையாம். ஜெனோவாவுல மகன் வீட்டுக்குப் போறாங்க” என்றார். நாலு வாரம்கூட இல்லை. நெவென்கா கத்தியைக் கீழே வைத்தாள், உள்ளே போய் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். அழகான ஊரெல்லாம் மனப்பாடமாகத் தெரியும், ஒரு நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இன்னொருத்தி கொண்டுவந்து வைக்கிற தட்டுக்காகக் காத்திருக்க மட்டும் கொடுப்பினை இல்லை. அதற்காகத்தான் அழுதாள். லோய்சே பின்னாலேயே வந்தான்.

“தனிலோவ நான் வேணா கூப்பிடவா?”

“நீ கூப்பிட்டா நான் கூப்பிட்ட மாதிரிதான்.”

“அப்ப கூப்பிட வேணாம்.”

“கூப்பிடாம எப்படிய்யா கொத்து எறங்கும்?”

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாதென்று லோய்சே கற்றிருந்தான். காருக்குக் காற்றடிக்கப் போனான். கொத்துக்கும் தனிலோவுக்கும் சம்பந்தம் உண்டென்று அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை என்பதை அவன் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முற்றத்தில் நாற்பது பேர். நெவென்கா முதல் மேசையில் இருந்த ஜெர்மன்காரர்களை எழுப்பி அடுத்த மேசைக்கு அனுப்பினாள். சமையல் மேலங்கியைக் கழற்றினாள், மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்தாள், கைகள் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். என்ன வேண்டும் என்று லோய்சே கேட்டான். உன்னிடம் இல்லை என்றாள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, வழக்கத்தைவிடச் சன்னமான குரலில் சொன்னாள்: “தனிலோ, பசிக்குது.”

தனிலோ வாசலைச் சுற்றி வரவில்லை, சுவரேறிக் குதித்தான். அறுபத்திரண்டு வயதுக்கு அது அதிகம். கையில் அவன் வீட்டுக் கத்தி, நாள்தோறும் தீட்டித் தீட்டி விரலளவுக்குத் தேய்ந்திருந்தது. பதினோரு வருஷமாக அவன் தினம் தன் சமையலறையில் உட்கார்ந்து மெல்லிசாகச் சீவப் பழகியிருக்கிறான். அதைத் தின்ன ஆளில்லாமல் பூனைக்குப் போட்டிருக்கிறான், அந்தப் பூனை ஏன் அவ்வளவு பெருத்தது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பன்றித் தொடையை எடுத்து மடியில் வைத்துச் சீவினான். சீவல்கள் தட்டில் விழவில்லை. தட்டுக்கு ஒரு சாண் மேலே ரோஜா நிறத்தில் மிதந்தன, லேசாக ஆடின. நெவென்கா முள்கரண்டியால் ஒன்றைக் குத்தப் பார்த்தாள், அது நகர்ந்து போயிற்று. இன்னொன்றைத் துரத்தினாள். பக்கத்து மேசை ஜெர்மன்காரர் ஒருவர் தன் மூக்கருகே வந்ததைப் பிடித்து மரியாதையாக அவளிடமே கொடுத்தார்.

“ஏன்டா, தட்டுல நிக்காததை எப்படித் திங்கிறது?”

“மெல்லிசா வேணும்னுதான சொன்ன?”

“சொன்னேன். சொல்லித் தொலைச்சேன். உன் கை வழக்கப்படியே வெட்டு.”

தனிலோவின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். சந்தோஷத்தில் காது சிவந்துபோய், கூரைக் கல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைத்தான். கூடவே அவித்த முட்டை, வினிகரில் ஊறிய வெள்ளரி, விளிம்புவரை சிவப்பு ஒயின். நெவென்கா வாயில் போட்டு மென்றாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அவ்வளவு கனத்த கறி சீக்கிரத்தில் இறங்காது, அது இறங்கும்வரை உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப முடியாது. இது ஏன் இத்தனை வருஷம் தனக்குத் தெரியவில்லை என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“எப்படி?” என்றான் தனிலோ.

“கட்டையா இருக்கு. இன்னொன்னு வை.”

மூன்றாவது துண்டில் நாற்சந்திப் பக்கம் மழை பெய்கிற சத்தம் கேட்டது. வானத்தில் மேகம் இல்லை. லோய்சே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பதினோரு வருஷத்து இலையும் ஒரே நேரத்தில் உதிர்ந்ததில் சாலையில் முழங்காலளவு சருகு, ஒரு பேருந்து நின்றுவிட்டிருந்தது. பீப்பாயும் சொட்டி நின்றது. நாற்பது பேருக்கும் பாக்கிச் சாப்பாட்டைத் தனிலோவே சுவருக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய்ப் போட்டான். சாயங்காலத்துக்குள் அவன் கொத்து கட்டியாயிற்று, நெவென்காவின் கார் மலையிறங்கியாயிற்று.

எர்னெஸ்தா அம்மாளின் பன்னிரண்டு தட்டையும் அவள் வழித்துத் தின்றாள். பதின்மூன்றாவதாக ஒன்றை எர்னெஸ்தா அம்மாள் கொண்டுவந்தபோது, அவரை உட்காரச் சொல்லி, அதை இவள் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தாள் என்று லோய்சே சொல்கிறான். மார்ட்டின் திருநாளன்று அந்த வீடு நல்லபடியாக மூடியது.

தனிலோவின் கொத்து இப்போது நாலாம் வருஷமாகப் பச்சையாக இருக்கிறது. அவன் மனைவி இறந்து நெடுநாளாயிற்று, எட்டாம் நாள் முதல் மேசையில் யாரை உட்காரவைப்பது என்று ஊரில் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த முறைக்காரர்கள் அவசரப்படவும் இல்லை. கறி கனமாக இருக்கிறது, பேச நேரம் கிடைக்கிறது என்கிறார்கள். அந்த அதிகாரி வந்து ‘எட்டாம் நாள்’ என்று எழுதிக்கொண்டு போகிறார். நெவென்கா ஊரில் இருக்கும் நாட்களில் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள், நோட்டை விரித்துக்கொண்டு. போன வாரம் பதுவாவிலிருந்து வந்த ஒரு புதுமணத் தம்பதி உம்பிரியாவுக்கு வழி கேட்டார்கள். அவள் நோட்டைப் பார்க்கவில்லை.

“தேவாலயம் தாண்டி இடது பக்கம் திரும்புங்க. குரைக்கிற சத்தம் கேக்கும். அது நாய் இல்ல, வாத்து. நான் நேர்ல பாத்தேன். கண்டுக்காம உள்ள போங்க.”