குறை தீர்ந்த வால்வு ஆம்ப்

தளவாய் வேலை பார்த்த ஒரகடத்துத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு உறுதிமொழியோடுதான் தொடங்கும். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தமிழ்வாணன், ஏதோ எல்லைக்குப் படை அனுப்புகிறவர் போலக் கையை நீட்டி, "குறை என் கையைத் தாண்டாது" என்பார். எல்லோரும் கேண்டீன் இட்லியை நினைத்தபடி திருப்பிச் சொல்வார்கள். தளவாய் ஒருவன்தான் அதை நம்பித் தொலைத்தான்.

தென்காசிப் பக்கத்துப் பையன். பழுதான சர்க்யூட் போர்டில் கெட்ட பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பற்றவைப்பது வேலை. படப்பையில் கடையை மூடிய சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாங்கிய பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கண்ணாடிக் குழல்கள் சூடேறி எரியும் பெட்டி, அவன் அறையில் இருந்தது. அதில்தான் கிதாரைச் சொருகி வாசிப்பான். போன ஆயுத பூஜைக்கு அவன் வாசிக்க, பக்கத்து மேசையில் போர்டு சோதிக்கும் மஞ்சுளா பாடினாள். பென்னலூர்க்காரி. பாடி முடித்ததும் பெட்டியைத் தட்டிக்கொடுத்தாள்.

"உன் பொட்டி அழுவுறதுக்கு மின்னாடி தொண்டைய அடச்சிக்குது பாரு தளவாய், அதான் சோக்கா கீது."

பிறகு காண்ட்ராக்ட் முடிந்து ஓசூருக்குப் போய்விட்டாள். சொல்ல நினைத்ததை நாளைக்குச் சொல்லலாம் என்று இவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆயுத பூஜையன்றுதான் குடும்பத்தாரையும் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். கேண்டீனில் வேலை செய்யும் தன் அக்காவோடு இந்த வருஷம் மஞ்சுளாவும் வருகிறாள், பாடவும் போகிறாள் என்று தெரிந்தது. இன்னும் நல்ல ஒலி கொடுத்துவிட்டு, அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தான். மீட்டரை வைத்தால், ஒரு ரெஸிஸ்டர்கூடத் தன்மேல் எழுதிய அளவில் இல்லை. வருஷக்கணக்காக வால்வுச் சூட்டில் வெந்து மாறிக் கிடந்தன. கெபாசிட்டர் ஒன்று கசிந்தது.

"நல்லாத்தானல பாடிக்கிட்டு கெடந்துச்சு, எதுக்குப் போட்டு நோண்டுத?" என்றான் அறைத்தோழன் சுடலை.

"ஒண்ணுகூட அளவுல இல்லல. பூரா ரிஜெக்ட்டு."

"நாமளுந்தாம் அளவுல இல்ல. நம்மளயும் மாத்திருவியோ?"

மாற்றினான், எல்லாவற்றையும். தொழிற்சாலையில் ரிஜெக்ட்டுக்குச் சிவப்பு டப்பா உண்டு. அறையிலும் ஒன்று வைத்திருந்தான், அவ்வளவு பக்தி. கழித்த பாகம் தப்பித்தவறியும் திரும்பிப் போகக்கூடாது என்பது விதி. ஆகவே ஒவ்வொன்றின் கம்பிக்காலையும் ஒட்ட நறுக்கி, உடலை நசுக்கிப் போட்டான்.

விழாவில் பெட்டி, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி கணீரென்று ஒலித்தது. மஞ்சுளா பாட்டின் நடுவில் ஒருமுறை திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். தமிழ்வாணன் மைக்கைப் பிடுங்கி, "என்ன தெளிவு! இதுவன்றோ தரம்! இனிப் பாதுகாப்பு அறிவிப்பெல்லாம் இந்தத் தரத்திலேயே!" என்று முழங்கி, பொன்னாடையை ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்தினார்.

கூட்டம் கலைந்ததும் அவள் வந்தாள்.

"இன்னாயா, புச்சு வாங்கிட்டியா? அந்தப் பொட்டி எங்க?"

"இதாம் அது. ஒனக்காவத்தாம் சரி பண்ணேன்."

அவள் பொன்னாடையின் ஓரத்தைத் திருகினாள்.

"இஸ்கூல் டீச்சர் மாரி பேசுது. பழசயே போட்டுடேன்."

"நறுக்கிப் போட்டுட்டேன்."

சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "தானா அந்த மாரி ஆவாதா?"

"சூடு பட்டுப் பட்டுத்தாம் ஆவணும். வருசக்கணக்காவும்."

"சரி, ஆனப்பறம் கூப்புடு. வந்து பாடறேன்." வாசலில் அக்கா கூப்பிட்டாள். மஞ்சுளா போய்விட்டாள். சொல்ல வேண்டியது இந்த வருஷமும் அவன் வாயிலேயே இருந்தது.

இப்போதெல்லாம் ஷிப்டு முடிந்து வந்ததும் வாசிக்கிறானோ இல்லையோ, ஆம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போட்டுவிடுகிறான். சுடலை அதன்மேல் சாக்ஸ் காயப்போடுகிறான்.

"எதுக்குல இது சும்மா எரியுது?"

"வேவட்டும்ல."

ஞாயிறு தவறாமல் அணைத்து ஆறவைத்து, மீட்டரை வைத்துப் பார்க்கிறான். எண் இம்மியும் அசையவில்லை. அவ்வளவு தரமான பாகங்கள், அவனே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை.