தெற்கு வீடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதையை நான் திருடினேன். ஒரு பல்கலைக்கழக அறிக்கைக்குத் தமிழ் திருத்தித் தரும் வேலை வந்தது. 'சமூகப் பங்கேற்புடன் கூடிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்று தலைப்பிலேயே மூச்சு வாங்க வைக்கும் அறிக்கை. வரைவில் ஒரு பத்தியை யாரோ சேர்த்து, நீக்கி, மறுபடி சேர்த்திருந்தார்கள். கணினி எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. ஒற்றுப்பிழை பார்க்க வேண்டியவன் அந்தப் பத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கம் ஒன்று: 'பள்ளிபாளையத்தின் தறிச் சத்தத்துக்கு நடுவே அகல்யா...'

வேண்டாம். பள்ளிபாளையம் என்றால் தறிச் சத்தத்தோடுதான் தொடங்க வேண்டுமா?

தொடக்கம் இரண்டு: 'சூரியன் எல்லோருக்கும் பொது என்று...'

ஐயோ. (இதையும் எழுதியவன் நான்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நேராகவே சொல்கிறேன். அகல்யா ஆய்வு உதவியாளர். சூரமங்கலத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பள்ளிபாளையத்தில் ஒரு தெருவில் பன்னிரண்டு விசைத்தறிக் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு மொட்டைமாடியில் சோலார் பேனல் போட்டு, மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே கேள்வித்தாளோடு போய்வருவது அவள் வேலை. அந்தத் தெருக்காரர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை மற்ற ஊர்களுக்கும் முன்மாதிரியாகப் பரிந்துரைக்கப்போகிறது அறிக்கை. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: பேனலுக்குத் தெற்கே இருப்பவர்கள் இருபத்தைந்து வருடத்துக்கு மாடி கட்டக் கூடாது. கட்டினால் நிழல் விழும்.

தெற்கே இருப்பது ஒரே ஒரு வீடு.

3

அந்த வீட்டு ஜெயப்பிரியா நாற்பது கேள்விகளுக்கும் 'ஆமாங்க', 'நல்லா இருக்குதுங்க' என்றே பதில் சொன்னாள். அகல்யா பேனாவை மூடினாள்.

"எழுதி முடிச்சிட்டீங்களா மேடம்? இனிச் சொல்றதுல எம்பேரு வருமா?"

"எதுலயுமே பேரு வராதுக்கா. ஏழாம் நம்பர்னுதான் போடுவேன்."

"எம்புள்ள நிலாவுக்கு வீசிங்குங்க. தறி ஓடறதும் படுக்கறதும் ஒரே ரூம்புல. பஞ்சுத் தூசி ஆகாது, தனியாப் படுக்க வைங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மேல ஒரு ரூம்பு கட்டோணும். எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னா, ஊரையே கையெழுத்துப் போட வெச்சுட்டு நாமளே மீறறதாங்கறாரு. இந்தச் சோலாரக் கொண்டாந்ததே அவருதானுங்க."

* அவள் கணவன் ஈஸ்வரை முதலில் கல்நெஞ்சனாக எழுதினேன். பேனா சரசரவென்று ஓடியது. சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். மகளுக்கு மூச்சு இரைத்தால் வண்டியில் உட்காரவைத்து ஈரோட்டுக்குப் பறப்பவன் அவன்தான். பதினோரு குடும்பத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கை எப்படித் திரும்பப் பெறுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

4

அகல்யா அதை ஒரு பத்தியாக எழுதினாள். 'ஏழாம் எண் உறுப்பினர், பேனலுக்குத் தெற்கே வசிப்பவர்...' எழுதியதைப் படித்துப் பார்த்தவள் 'தெற்கே' என்ற சொல்லில் நின்றாள். பெயரை மறைத்து என்ன பயன்? தெற்கு என்றதுமே தெருவுக்குத் தெரிந்துவிடும். அறிக்கையின் முதல் பிரதி போவதும் குழுச் செயலாளர் ஈஸ்வருக்குத்தான்.

தெற்கை எடுத்துவிட்டால் பத்திக்கு அர்த்தமே இல்லை. பத்தியை எடுத்துவிட்டால்?

"அந்த விதி அப்படியே எல்லா ஊருக்கும் போயிரும்மா," என்றார் பேராசிரியர் இளஞ்செழியன். "யோசிச்சு முடிவு பண்ணு. ஆனா நாளைக்குச் சாயங்காலம் அனுப்பியாகணும்."

எனக்கும் இதே சங்கடம்தான். பெயர்களை மாற்றினேன். ஊரை மாற்றினேன். பன்னிரண்டு என்பதும் பன்னிரண்டு இல்லை. ஒருமுறை அந்த வீட்டைத் தூக்கி வடக்கே வைத்துப் பார்த்தேன். மார்கழி வெயிலில் நிழல் வேறு பக்கம் போய் விழுந்தது, கதையே இல்லாமல் போனது. மறுபடி தெற்கே கொண்டுவந்து

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

5

மறுநாள் காலை அகல்யா மறுபடி பள்ளிபாளையம் போனாள். ஈஸ்வர் நூல் வாங்கப் போயிருந்தான். பத்தியை வாசித்துக் காட்டினாள்.

"பேரு வராதுன்னு சொன்னேன்க்கா. ஆனா படிச்சா நீங்கதான்னு தெரிஞ்சிரும். நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். தப்பு என்மேலதான்."

ஜெயப்பிரியா தறியை நிறுத்தினாள்.

"இத எழுதலீன்னா, மத்த ஊருலயும் இப்படியே கையெழுத்து வாங்குவாங்களா?"

"வாங்குவாங்கக்கா."

"அங்கயும் எம்மாதிரி ஒருத்தி இருப்பா." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுது சாமி. ஆனா அவரு இத ஒரு காயிதத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. நாந்தேன் சொல்லோணும். ரெண்டு நாளு குடு."

"இன்னிக்குச் சாயங்காலம் அனுப்பணும்க்கா."

6

முடிவு அ: பத்தி போகிறது. ஈஸ்வர் படிக்கிறான். காகிதத்தோடு நேராக மனைவியின் தறிக்கு வந்து...

முடிவு ஆ: பத்தி போகவில்லை. வேறு ஊரில் வேறொரு தெற்கு வீட்டில் கையெழுத்து...

முடிவு இ: மதியத்துக்குள் ஈஸ்வரே குழுவைக் கூட்டி, "எங்கூட்டுக்கு ஒரு ரூம்பு வேணும்" என்கிறான். (இது என் ஆசை. நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது.)

மூன்றில் எதையும் நான் முடிக்கப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அகல்யா, அறிக்கையை அனுப்ப வேண்டிய நாளிலும், பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். கேட்டதாக எழுதியது நான். நிஜத்தில் அந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பஸ்ஸும் இருக்கிறது. இந்தக் கதையை வெளியிடலாமா என்று நான் நிஜமான அந்தத் தெற்கு வீட்டுப் பெண்ணிடம் கேட்கவில்லை.

கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.