பிஸ்டன் பிடித்த வண்டி

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவனுக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் கார்புரேட்டர். பழைய ஜப்பான் பைக் எங்கே தூசி படிந்து நின்றாலும் மோப்பம் பிடித்துப் போய்விடுவான். வாங்கும்போது வாய்க்கு வந்த குறையெல்லாம் சொல்லி விலையை இறக்குவான். வாங்கியபின் அதைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டுவான்.

அத்தான் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தபோது, கிளம்பாமல் நின்றுபோன அவருடைய வண்டிக்கு என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லும்படி அக்கா அவனைக் கூப்பிட்டாள். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற பழைய டூ ஸ்ட்ரோக். போர்வையை விலக்கியதும் அவனுக்கு மூச்சே நின்றது. கம்பெனி பெயின்ட் மங்காத டேங்க்! கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தான். வெண்ணெயாக இறங்கியது; எஞ்சினுக்குள் எதுவும் இறுகவில்லை. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"பிஸ்டன் பிடிச்சுக்கிச்சுக்கா. ஆயில் பத்தாம ஓட்டியிருக்காங்க. இனி உதிரி பாகத்துக்குத்தான் ஆகும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. தம்பி சொல்லிவிட்டானே! பழைய இரும்பு விலைக்கு வண்டி அவன் வீட்டுக்கு வந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து அக்காவும் அத்தானும் சாப்பிட வந்தார்கள். ஊன்றுகோலோடு வந்த அத்தான், வாசலில் பளபளத்த வண்டியைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

"ஓடுதா மாப்ள?"

வேறு வழியில்லாமல் உதைத்தான். ஒரே உதையில் எழுந்தது. அத்தான் டேங்க் மேல் கையை வைத்து, கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"புதுப் பிஸ்டனா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி பெருமையோடு முந்திக்கொண்டாள். "பிஸ்டனெல்லாம் மாத்தலண்ணா. கார்புரேட்டரக் கழுவி, பிளக்க மாத்தினாரு. ரெண்டே ஞாயித்துக்கிழமை!"

அக்கா அவனைப் பார்த்தாள். அவன் எஞ்சினை அணைத்தான்.

அத்தானின் முகம் மட்டும் மலர்ந்தது. "அப்போ நான் கெடுக்கலையா? ஆயில் ஊத்த மறந்துட்டோமே, கையில இருந்தத நாமளே பாழாக்கிட்டோமேன்னு படுக்கையில கெடந்து அழுதிருக்கேன்டா."

அவர் சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"நீங்க கெடுக்கல, அத்தான். நான்தான் பொய் சொன்னேன். டேங்கப் பாத்ததும் புத்தி கெட்டுப்போச்சு."

அத்தான் அவன் தோளைத் தட்டிவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அக்காதான், "கேட்டிருந்தா சும்மாவே தூக்கிக் குடுத்திருப்பேனேடா" என்றாள். அன்று அவள் தட்டில் சோறு பாதி அப்படியே இருந்தது.

மறுநாளே வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு ஷெட்டில் விட்டான். அத்தானால் உதைக்க முடியாது. அதனால் ஞாயிறுதோறும் இவன் போய் உதைத்துக் கொடுப்பான். அவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கிச் சிரிப்பார். அக்கா கதவைத் திறந்துவிடுவாள், டீயும் கொடுப்பாள். "உக்காரு" என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவன் நின்றுகொண்டே குடித்துவிட்டு வருகிறான்.